அப்பாவின் பழைய டில்லருக்கு வேறு இன்ஜின் மாட்டலாமா? ஆடிப்பட்டத்துக்குள் ஓட வேண்டும்

மாதவரம்_கீரைத்தோட்டம் | ஞாயிறு காலை

எல்லோருக்கும் வணக்கம். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் எங்களுக்கு மூன்று கிரவுண்டு நிலம் இருக்கிறது. அப்பா இருந்தவரை கீரை, வெண்டை, கத்தரி என்று ஒரு பாத்திகூடச் சும்மா கிடந்ததில்லை. உழவுக்கு அவர் வைத்திருந்தது ஒரு கை டில்லர். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டிலிருந்து 1980-களின் கடைசியில் வாங்கியது. இன்ஜினுக்கு அடியிலேயே கத்திகள் சுழலும் ரகம். இன்ஜின் 5 எச்பி, வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சைடு வால்வு ரகம். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் வெள்ளை எனாமல் பெயின்டால் தேதி எழுதி வைப்பார். இன்னும் அழியாமல் இருக்கிறது.

இப்போது கயிற்றை இழுத்தால் கையில் எதிர்ப்பே தெரியவில்லை. பிரித்துப் பார்த்த மெக்கானிக், எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிட்டது, சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது, கனெக்டிங் ராடும் ஆடுகிறது என்றார். சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் ஒரு நாள், பிராட்வேயில் ஒரு நாள் அலைந்தேன். பிஸ்டனும் ராடும் கிடைக்கவில்லை.

கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் பார்த்தேன், இரும்புத்தூள் இல்லை. கத்திகளும் இன்னும் இரண்டு பட்டத்துக்குத் தாங்கும். இன்ஜினை மட்டும் மாற்ற ஆசை. ஹோண்டா ஜிஎக்ஸ்160 பார்த்தேன். அதே வடிவத்தில் சீனத் தயாரிப்பில் 7 எச்பி, 212 சிசி ஒன்றும் காட்டினார்கள். எதை வாங்கலாம்? இந்த டில்லரை எடைக்குப் போட எனக்கு மனமில்லை.

செங்குன்றம்_மெக்கானிக் | ஞாயிறு காலை

தம்பி, எச்பியைப் பிறகு பார்ப்போம். முதலில் வெர்னியரும் டேப்பும் எடுத்துக்கொண்டு டில்லர் பக்கத்தில் உட்காருங்கள். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து வெளியே வந்து சுழலும் தண்டு) தடிமன் எவ்வளவு? பழைய அமெரிக்க இன்ஜின் என்றால் அனேகமாக முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. புதிய இன்ஜின்கள் 19.05-லும் வரும், 20-லும் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய புல்லி 20 மி.மீ. ஷாஃப்டில் ஏறாது. புல்லியை ஷாஃப்டில் வழுக்காமல் பூட்டும் சின்ன இரும்புத் துண்டான கீயும் அப்படித்தான். பழையது 4.76, புதியது 5 மி.மீ.

அப்புறம் ஷாஃப்ட் மையத்தின் உயரம். இன்ஜின் உட்காரும் தட்டிலிருந்து ஷாஃப்டின் நடு வரைக்கும் அளக்கவும். ஜிஎக்ஸ்160-க்கு இது 106 மி.மீ. பெல்ட் நீளம் இதை வைத்துத்தான் மாறும். நான்கு போல்ட் ஓட்டைகளின் இடைவெளி ஜிஎக்ஸ்160-இல் ஒரு பக்கம் 162, மறுபக்கம் ஏறக்குறைய 76 மி.மீ. பழைய தட்டில் அது பொருந்தாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.

சுழலும் திசையையும் பாருங்கள். ஷாஃப்ட் முனையை நேருக்கு நேர் பார்த்து நின்றால் இந்த வகை இன்ஜின்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். பழையதும் அப்படியே சுற்றி, புதியதையும் ஷாஃப்ட் அதே பக்கம் வருகிற மாதிரி வைத்தால் கவலை இல்லை. டேங்க் இடிக்கிறது, சைலன்சர் இடிக்கிறது என்று இன்ஜினைத் திருப்பி வைத்துவிட்டால் கத்தி பின்னால் சுற்றும்.

இன்னொன்று. பழைய இன்ஜினில் பெரிய ஷாஃப்டுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு ஷாஃப்ட் வெளியே வருகிறதா? சில டில்லர்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையே வெளியே நீட்டி ரிவர்ஸுக்குப் பயன்படுத்துவார்கள். கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில், எதிர்த்திசையில் சுற்றும். உங்களுடையது அந்த ரகம் என்றால் சாதாரண இன்ஜின் மாட்டினால் ரிவர்ஸ் கிடைக்காது.

மாதவரம்_கீரைத்தோட்டம் | ஞாயிறு மாலை

அளந்துவிட்டேன் அண்ணா. ஷாஃப்ட் 19.05, நீங்கள் சொன்னதேதான். மைய உயரம் 94 மி.மீ. இரண்டாவது ஷாஃப்ட் இல்லை, ரிவர்ஸும் இல்லை. திசை எதிர்ச்சுற்று. தட்டில் ஓட்டைகள் பொருந்தவில்லை.

இன்ஜின் புல்லி 2 அங்குலம், கியர்பாக்ஸ் புல்லி 8 அங்குலம். ஒரே ஒரு ஏ செக்‌ஷன் பெல்ட். கைப்பிடியில் இருக்கும் லிவரை அழுத்தினால் ஒரு உருளை வந்து பெல்ட்டை இறுக்கும். விட்டால் கத்தி நின்றுவிடும்.

ஆவடி_ஓய்வு | ஞாயிறு இரவு

தம்பி, 7 எச்பி வாங்குங்கள். மாதவரம் மண் காய்ந்தால் கல். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது ஏன் சின்னதை வாங்க வேண்டும்? ஜிஎக்ஸ்160-ஐ இப்போது 4.8 என்றுதான் எழுதுகிறார்கள். பழையது 5. அதைவிடக் குறைந்ததை மாட்டிவிட்டு மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

செங்குன்றம்_மெக்கானிக் | திங்கள் காலை

ஐயா, அந்த 4.8 பலரையும் குழப்புகிறது. முன்பு இதே ஜிஎக்ஸ்160-இல் 5.5 என்று எழுதியிருந்தது. இன்ஜின் சிறுத்துவிடவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. முன்பெல்லாம் சைலன்சர், ஏர் ஃபில்டர் கணக்கில் வராத மொத்த சக்தியை எழுதினார்கள். இப்போது எல்லாம் மாட்டிய நிலையில் கிடைக்கும் நிகர சக்தியை எழுதுகிறார்கள். தம்பியின் பழைய 5 எச்பி அந்தக் காலத்துக் கணக்கு. அதுவும் சைடு வால்வு. வால்வு மேலே இருக்கும் 163 சிசி இன்ஜின் அதற்கு இளைத்தது இல்லை. 2,500 சுற்றில் 10.3 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது.

7 எச்பி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இந்த கியர்பாக்ஸை 5 எச்பிக்குச் செய்திருக்கிறார்கள். தென்னை வேரிலோ புதைந்து கிடக்கும் செங்கல்லிலோ கத்தி மாட்டினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். இப்போது பெல்ட் வழுக்குகிறது, நாம் லிவரை விடுகிறோம், தப்பித்தோம். பெரிய இன்ஜின் மாட்டுகிறவர்கள் அதோடு நிற்பதில்லை. வழுக்குகிறதே என்று பெல்ட்டை இறுக்குவார்கள், பிறகு ஏ பெல்ட்டைவிட அகலமான பி பெல்ட்டுக்குப் போவார்கள். அப்புறம் உள்ளே செயினோ பல்லோ உடையும். இன்ஜின் கடையில் கிடைக்கும், அந்த கியர்பாக்ஸ் உதிரி எங்கே கிடைக்கும்?

ஆவடி_ஓய்வு | திங்கள் காலை

கியர்பாக்ஸ் கிடைக்காது என்பது சரியான வாதம். 7 எச்பி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மயிலை_மாடித்தோட்டம் | திங்கள் மதியம்

பெட்ரோலே எதற்கு? ஒன்றரை எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்றை மாட்டிவிட்டால் சத்தமும் இல்லை, கார்புரேட்டர் தொல்லையும் இல்லையே.

அம்பத்தூர்_லேத் | திங்கள் மதியம்

செய்யலாம். ஆனால் அந்த மோட்டார் ஓடுவது 1,440 சுற்றில். பெட்ரோல் இன்ஜின் 3,600. பழைய வேகம் வேண்டுமானால் 2 அங்குலப் புல்லிக்குப் பதில் 5 அங்குலம் போட வேண்டும், சக்தியும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஈர மண்ணில், சுழலும் கத்திக்குப் பக்கத்தில், மூன்று கிரவுண்டு முழுக்க ஒயரை இழுத்துக்கொண்டு நடப்பது எனக்கு பயம். மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இல்லாத லைனில் அதை யாரும் செய்யவே கூடாது.

மாதவரம்_கீரைத்தோட்டம் | மறு வாரம் சனி இரவு

மனம் நொந்து எழுதுகிறேன். 163 சிசி இன்ஜின் வாங்கிவிட்டேன். கடையில் இருந்தது 20 மி.மீ. ஷாஃப்ட்தான். புல்லியை போரிங் செய்தால் போதும் என்று வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். 19.05-ஐ 20 ஆக்கி, கீ உட்காரும் 5 மி.மீ. காடியை (கீவே) வெட்டி, அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இன்று மாட்டி ஓட்டினேன். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டார். லிவரை அழுத்தினேன். புல்லி தலையை ஆட்டிக்கொண்டு சுற்றியது. பெல்ட் இரண்டு முறை கழன்று விழுந்தது. மூன்றாவது முறை டக் என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கீவே மூலையிலிருந்து பெல்ட் பள்ளம் வரைக்கும் புல்லி விரிந்திருக்கிறது. விரல் நகம் உள்ளே போகிறது.

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. என்ன செய்யலாம்?

அம்பத்தூர்_லேத் | சனி இரவு

வருத்தப்படாதீர்கள் நண்பரே, ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பெரிய சேதம் இல்லை. ஷாஃப்டில் கீவே ஓரங்களைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் எடுத்துவிடுங்கள்.

அந்தப் புல்லியை எந்த லேத்தில் கொடுத்திருந்தாலும் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது. கணக்கைப் பாருங்கள். வெளிவிட்டம் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. ஏ பெல்ட்டுக்கான பள்ளம் ஒவ்வொரு பக்கமும் பதினொன்றரை மி.மீ. ஆழம். அது போக பள்ளத்தின் அடியில் மிஞ்சும் விட்டம் 28 மி.மீ. அதில் 20 மி.மீ. ஓட்டை. சுற்றிலும் இருக்கிற சுவர் 4 மி.மீ. அதிலும் 5 மி.மீ. கீக்கு 2.3 மி.மீ. வெட்டியாக வேண்டும். கீயின் தலைக்கு மேல் 2 மி.மீ.கூட இல்லை. கீவே மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். மையம் வேறு விலகியிருக்கிறது. தலை ஆடியதற்குக் காரணம் அதுதான். லேத்தில் துண்டைப் பிடிக்கும் மூன்று தாடை சக்கில் பிடித்து, ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்துப் பார்க்காமல் ஓட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

2 அங்குலத்தை விட்டுவிடுங்கள். இரண்டரை அங்குலத்துக்குப் போங்கள், பள்ளத்தின் அடியில் 40 மி.மீ. கிடைக்கும். இஎன்8 எஃகுக் கம்பியில் கடைந்து, ஒரு பக்கம் 25 மி.மீ. நீளத்துக்கு ஹப் (கழுத்து) விட்டு, தலையில்லாத கிரப் ஸ்க்ரூவைக் கீயின் தலை மேலேயே உட்கார வையுங்கள். பெல்ட்டுக்கும் அதுதான் நல்லது. ஏ பெல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்ச விட்டம் 75 மி.மீ. அதற்குக் கீழே போகப்போக பெல்ட் மடங்கி மடங்கிச் சீக்கிரம் வெடிக்கும்.

புல்லி பெரிதானால் கத்தி வேகமாகச் சுற்றுமே என்று கேட்பீர்கள். பழைய கணக்கில் 3,600 சுற்றை 2 ஆல் பெருக்கி 8 ஆல் வகுத்தால் கியர்பாக்ஸுக்கு 900 போனது. இப்போது இரண்டரைப் புல்லியில் இன்ஜினை 2,900-இல் ஓட்டினால் 906 வருகிறது. மேல்வேகத்தைத் தடுக்கும் ஸ்க்ரூவை அந்த அளவில் நிறுத்திவிடுங்கள். இந்த இன்ஜினின் முறுக்கு விசை உச்சத்தில் இருப்பது 2,500-ஐ ஒட்டி. ஆக, நீங்கள் இறங்கி வருவது அது பலமாக இருக்கும் இடத்துக்குத்தான். பக்கத்து வீட்டுக்கும் சத்தம் குறையும்.

திங்கட்கிழமை எடுத்து வாருங்கள். இன்ஜினைத் தூக்க வேண்டாம், கீயும் உடைந்த புல்லியும் போதும். ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.

செங்குன்றம்_மெக்கானிக் | ஞாயிறு காலை

லேத் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தம்பி, பெல்ட் அளவைக் கடையில் குத்துமதிப்பாகக் கேட்காதீர்கள். மையம் 12 மி.மீ. உயர்ந்துவிட்டது. அடியில் 8 மி.மீ. இரும்புத் தகடு போட்டிருப்பீர்கள், ஆக 20 மி.மீ. பழைய பெல்ட் எட்டாது, எட்டினாலும் லிவரை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் ஆபத்து.

புல்லி வந்ததும், உருளை தளர்ந்திருக்கும்போது இரண்டு புல்லிகளின் வெளிவிளிம்பையும் சுற்றி ஒரு சணல் கயிற்றை ஓட்டி, முடிச்சுப் போட்டு, வெட்டி அளக்கவும். ஏ பெல்ட்டின் எண் உள்சுற்றளவு. வெளிச்சுற்று அதைவிட 2 அங்குலம் கூடுதல். கயிறு 42 அங்குலம் என்றால் ஏ-40 கேளுங்கள். தகட்டில் ஓட்டைக்குப் பதிலாக நீளக் காடி வெட்டியிருந்தால் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம்.

நீலாங்கரை_மணல் | ஞாயிறு மதியம்

எங்கள் பக்கம் மணல் என்பதால் டில்லருக்கு வேலை குறைவு. ஆனால் ஜிஎக்ஸ்160-ஐ ஐந்து வருடமாக ஓட்டுகிறேன், அதனால் இரண்டு விஷயம்.

புதிய இன்ஜின் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். 0.6 லிட்டர் 10டபிள்யூ-30 ஊற்றினீர்கள்தானே? சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் வாயின் விளிம்புவரை நிற்க வேண்டும். இந்த இன்ஜின் உள்ளே ஆயிலை வாரி இறைத்துத்தான் உயவிடுகிறது, 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டக் கூடாது. ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் சென்சார் இருக்கிற மாடல் என்றால், வரப்பு ஏறும்போது சட்டென்று நிற்கலாம். இன்ஜின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், நிமிர்த்தி மட்டத்தைப் பாருங்கள்.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் கடற்கரைக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டு பட்டத்துக்கு நடுவில் மூன்று மாதம் டில்லர் சும்மா நிற்கும். கடைசி நாள் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் குழாயை அடைத்து, தானாக நிற்கும்வரை ஓட விட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவையும் தளர்த்தி வடித்துவிடுங்கள். நான் ஒரு கோடையில் அப்படியே விட்டேன். ஜெட் ஓட்டை பச்சைப் பாசி பிடித்த மாதிரி அடைந்து, தாமிரக் கம்பியில் ஒற்றை இழையை உருவி நுழைத்துத்தான் எடுக்க முடிந்தது.

மாதவரம்_கீரைத்தோட்டம் | ஆடி முதல் ஞாயிறு, இரவு

ஓடிவிட்டது. எல்லோருக்கும் முதலில் நன்றி சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அம்பத்தூர் போனேன். அண்ணன் பழைய புல்லியை இன்னொரு துண்டுக் கம்பியில் மாட்டிச் சுழற்றி, டயல் முள்ளை அதன் மேல் வைத்துக் காட்டினார். முள் அரை மி.மீ.க்கு மேல் அங்குமிங்கும் ஆடியது. பிறகு நான்கு தாடை சக்கில் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு தாடையாகக் கால் சுற்று, அரைக்கால் சுற்று திருகி, முள் அசையாமல் நிற்கும்வரை விடவில்லை. புதிய புல்லி ஷாஃப்டில் கையால் தள்ளினாலே வழுவழுவென்று ஏறியது, ஆனால் ஆட்டினால் அசைவில்லை. கீவேயின் உள்மூலைகளைக்கூடச் சின்னதாக உருட்டிக் கொடுத்திருந்தார்.

கயிறு அளவு 41 அங்குலம் வந்தது. ஏ-39 வாங்கினேன். டேங்க் கைப்பிடியின் குறுக்குக் கம்பியில் இடித்தது. இன்ஜினைத் திருப்பவில்லை அண்ணா, கம்பியைத்தான் இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்தேன். பழைய ஆக்ஸிலேட்டர் கேபிள் நீளம் போதவில்லை, பைக் கேபிள் ஒன்றை வெட்டிச் சேர்த்தேன். நிறுத்தும் சுவிட்சுக்கு ஒற்றை ஒயரைக் கைப்பிடி வரைக்கும் இழுத்து, பாடியில் படுகிற மாதிரி பட்டன் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. நேற்று ஒரு நாள் காய விட்டேன். இன்று காலை ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். நான்கைந்து துண்டாக உதிர்ந்தது. அப்பா பார்க்கிற பதம் அதுதான். முதல் ஓட்டத்தில் பின்னால் இருக்கும் ஆழக் கம்பியை ஏற்றி வைத்து மூன்று அங்குலம் மட்டும் கிளறினேன். இரண்டாவது ஓட்டத்தில் கம்பியை இறக்கினேன், ஆறு அங்குலம் போயிற்று. கிணற்றோரத் தென்னை அருகில் வேரில் ஒரு முறை மாட்டியது. பெல்ட் கிறீச்சிட்டது, லிவரை விட்டேன், கத்தி நின்றது. இன்ஜின் அணையவில்லை.

இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை கிரவுண்டு முடிந்தது. வெண்டை விதையை அம்மா நேற்றிரவே ஊற வைத்துவிட்டார்.

ஆவடி_ஓய்வு | ஆடி முதல் ஞாயிறு, இரவு

மிக்க மகிழ்ச்சி தம்பி. புது இன்ஜின், 20 மணி நேரம் ஓடியதும் முதல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கொளத்தூர்_புதியவர் | திங்கள் காலை

முழு இழையும் படித்தேன். என்னிடமும் அதே ரகப் பழைய சைடு வால்வு 5 எச்பி இருக்கிறது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, ஆனால் கரண்ட் வரவில்லை. காயில் போய்விட்டது என்கிறார்கள். உங்கள் பழைய இன்ஜினை என்ன செய்தீர்கள்? விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் சார்.

மாதவரம்_கீரைத்தோட்டம் | திங்கள் காலை

காயில் நன்றாக இருக்கிறது, கடைசி நாள் வரைக்கும் பிளக்கில் நீலப் பொறி வந்தது. விற்கவில்லை, சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள். பிளைவீல், கார்புரேட்டர், கயிறு ஸ்டார்ட்டர் எல்லாமே உங்களுக்குத்தான். ஞாயிறு காலை வாருங்கள், சேர்ந்தே கழற்றலாம். டேங்க் மட்டும் எனக்கு வேண்டும். அந்த எழுத்துகளுக்குக் கீழே இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. முதல் ஆயில் மாற்றும் தேதியை அதில்தான் எழுதப்போகிறேன்.